ஏ-த்ரீ

கதையில் அதன் உயரம் முப்பது மீட்டர்.
என் சாப்பாட்டு மேசையில்
அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.
நாற்பத்தெட்டில் ஒன்று என்று பெட்டியில் போட்டிருக்கிறது.
அந்தக் கணக்கில் நான்
அரை வெண்டைக்காய்.

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு உறுப்புகள்
முப்பத்தேழு சட்டங்களில்
எண் போட்டுக் காய்த்துத் தொங்குகின்றன.
விளக்கப் புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழி.
எனக்குப் புரிந்த ஒரே எழுத்து
அபாயக்குறி.

வின்னிப்பெக்கில் ஜனவரி.
மைனஸ் முப்பத்துநான்கு.
பால்கனியில் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன்,
பெயின்ட் காற்றிலேயே மாவாகி உதிர்ந்தது.
ஆகவே குளியலறை, எக்ஸாஸ்ட் ஃபேன், முகமூடி.
தொட்டிக்குக் குறுக்கே ஒரு பலகை.
பலகைமேல் பல்குத்தும் குச்சிகளில்
செருகி நிறுத்திய பத்து விரல்கள்.
பல் தேய்க்கும்போதெல்லாம்
கண்ணாடிக்குள் அவை என்னைச் சுட்டின.

பகலில் நான் பல் செய்கிறேன்.
எலிஸ் அவென்யூவில் ஒரு லேப்,
முகம் பார்த்திராத வாய்கள்.
கடைவாய்ப்பல்லை ராவிய கை
சாயந்திரம் கணுக்கால் கவசத்தை ராவுகிறது.
கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.
எனக்குத் தெரிந்தது:
இது யாருக்கும் வலிக்காது.

இருபதாம் நாள் கதவைத் தட்டினார் ரோடெல்.
எதிர்வீடு, பஸ் ஓட்டுநர்.
தின்னர் வாடைக்குச் சண்டை போட வந்தவர்
ஷூவோடு நின்று பார்த்தார்,
பிறகு ஷூவைக் கழற்றினார்.
"முழங்கால் திரும்பியிருக்கு."
ஆமாம்.
நாலு நாளாக என் வீட்டில்
ஒரு கொக்கு நின்றிருக்கிறது.

பசை இறுகிய மூட்டைப் பிரிக்க ஒன்றரை மணி நேரம்.
அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்,
நான் தொடையை இழுத்தேன்.
அடுத்த ஞாயிறு
சொந்தமாக நிப்பர் வாங்கி வந்துவிட்டார்.

அவர் வெட்டிய வெட்டில்தான்
வலக்கைச் சுண்டுவிரல் நுனி தெறித்தது.
ஒரு 'டிக்', அவ்வளவுதான்.
கார்பெட், ஹீட்டர் இடுக்கு, சோபா,
அவருடைய கால்சட்டை மடிப்பு.
இரண்டு பெரிய மனிதர்கள்
தரையில் கன்னம் வைத்து டார்ச் அடித்தோம்.
போன மாதம் தொலைந்த மாத்திரை கிடைத்தது.
ரோடெல் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் லேபில், மதியச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு
மெழுகில் அந்த நுனியைச் செதுக்கினேன்.
அச்செடுத்து, பிசின் ஊற்ற வேண்டும். என்ன நிறம்?
பையிலிருந்து மோதிரவிரலை எடுத்து
நிறப்பட்டியலின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.
பிளாஸ்டிக்கின் வெள்ளை
எந்த வாயிலும் இல்லாத வெள்ளை.
டிராயரில் மிச்சமிருந்தது ஏ-த்ரீ மட்டும்:
நாற்பத்தைந்து வயது,
நாளைக்கு நாலு டீ.

மேலே வெள்ளை அடித்திருக்கலாம்.
புட்டி கூடத் திறந்தேதான் இருந்தது.

மார்ச்சில் முடிந்தது.
இடமில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் நிற்கிறது,
சமையலறையில் யாரையோ தடுத்து நிறுத்துவதுபோல
வலக்கையை விரித்துக்கொண்டு.
பால் எடுக்கக் கதவைத் திறந்தால்
மேலே கொஞ்சம் ஆடும்.
நாலு விரல் பளிச்சென்று,
ஒன்று மட்டும் என் வயதில்.

ஏப்ரலில் பூட்ஸை உள்ளே வைக்கக் கவிழ்த்தேன்.
உப்பு, மணல்,
கூடவே அது.
பிப்ரவரியில் ஒருநாள் ஏதோ குத்துகிறது என்று
காலுறையைத்தான் திட்டினேன்.
அத்தனை பனியிலும் என் குதிகாலடியில்
வேலைக்குப் போய் வந்திருக்கிறது,
ஒரு கீறல் இல்லாமல்.

காலை ஏழு பத்து பஸ். ரோடெல்தான்.
கட்டணப் பெட்டிமேல் அதை வைத்தேன்.
குனிந்து பார்த்தவருக்கு
என்னைவிடச் சந்தோஷம்.
"இனி மாட்டிவிடலாம்தானே?"

பின்னால் வரிசை நகரச் சொல்லி முணுமுணுத்தது.
நுனியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
ஜன்னலோரம் தேடி நடந்தபடியே சொன்னேன்,
அவருக்குப் புரியாத என் மொழியில்,
ஊர்ப் பஸ்ஸில் சொல்கிற மாதிரி:

அந்த இடத்துக்கு ஆள் இருக்கு.